ரெண்டு ஆத்துக்கு நடுவுல தூக்கம்

போன வாரம் தங்கச்சி மகன் சென்னையில் இருந்து போன் பண்ணினான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆள் குறைக்கப் போறதா பேச்சு அடிபடுதாம். வீட்டுக் கடன் இன்னும் பதினேழு வருஷத்துக்கு இருக்கு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் விடியிற வரைக்கும் மோட்டு வளையப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்னான். கடைசியில், “ஒங்களுக்கென்ன மாமா. காத்து, வாழைத்தோப்பு, கோயிலு. சாமிய நம்பி நிம்மதியா இருக்கீங்க” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு என்னைவிட அதிகமா வந்தது. “2018-ல நீங்க தூங்கின லட்சணத்தை அவனுக்குச் சொல்லுங்க” என்றார்கள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுசையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுசாகப் படிக்கிறவர்களுக்கு ஊர் அடையாளம் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி ரெண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் கிடக்கிற திட்டுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். அதுக்குக் கிழக்கே கல்லணை ரோட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள் வரும். அதில் ஒன்று எங்களுடையது. வயலில் நின்று மேற்கே பார்த்தால், மழை பெய்து வெளுத்த நாளில் ராஜகோபுரம் தெரியும். 13 நிலை. 1987-ல் அதுக்குக் கும்பாபிஷேகம் நடந்தப்ப நான் மீசை முளைக்கிற வயசுப் பையன். கூட்டத்தோடு கூட்டமா சைக்கிளில் போய் அண்ணாந்து பார்த்துட்டு வந்தேன்.

எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருபதுக்குள்தான். சின்னக் கோயில். மாசத்தில் ரெண்டு ஞாயிறு ஃபாதர் வந்து பூசை வைப்பார். மத்த ஞாயிறு பக்கத்துப் பங்குக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் போவோம்.

எங்கம்மா கவலையே படாது என்று எழுதினால் அது பொய். பட்டது. ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் வெச்சிருந்தது. ராத்திரி ஜெபமாலை சொல்றப்ப முதல் பத்துமணி உரக்கடை பாக்கிக்கு, ரெண்டாவது சினை மாட்டுக்கு, மூணாவது என் படிப்புக்கு. நாலாவது பத்துமணி பாதியில் சத்தம் தேய்ஞ்சு தூங்கிடும். எங்கம்மா அஞ்சாவது பத்துமணி சொல்லி நான் கேட்டதே இல்லை. விடிகாலையில் கரிச்சான் கத்துறப்ப எழுந்து சாணி அள்ளப் போயிடும். அந்த ஜெபமாலை இப்போ எங்கிட்டதான் இருக்கு. தூக்கம் மட்டும் எனக்கு வரவில்லை.

2018 கதைக்கு வருகிறேன். அதுக்கு முந்தின ரெண்டு வருஷம் காய்ச்சல்தான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாத்தினதில், 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சது. ஆத்தில் மணல்தான் ஓடுச்சு. அதனால 2018 ஜூலை 23-ம் தேதி மேட்டூர் அணை 120 அடியை எட்டுச்சுன்னு டிவியில் சொன்னப்ப எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். தை மாசம் போர்த் தண்ணியில் நட்டு உசுரைக் கையில் பிடிச்சு வளர்த்த பூவன் வாழை எனக்கு ஒண்ணேகால் ஏக்கர். ஆயிரத்து இருநூறு மரம். ஆத்துத் தண்ணி பட்டதும் ஒரே மாசத்தில் தண்டு பருத்து, இலை விசிறி, பார்க்கிறவன் கண்ணு பட்டுடும் போல நின்னுச்சு.

ஆகஸ்ட் பாதியில் கதை மாறிடுச்சு. கர்நாடகத்தில் விடாத மழை. மேட்டூரில் இருந்து வினாடிக்கு ரெண்டு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தாங்க. காவிரி தாங்காததை எல்லாம் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பி விடுவதுதான் வழக்கம். கொள்ளிடம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரே தண்ணி. ஸ்ரீரங்கத்துக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் நடுவில் 1928-ல் கட்டின பழைய இரும்புப் பாலத்தில் தூண் சரிஞ்சு விழுந்துச்சு. நல்லவேளை, பக்கத்தில் புதுப்பாலம் வந்து பழசில் போக்குவரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தாங்க. என் வாழை கொள்ளிடக் கரைக்கு இந்தப் பக்கம். கரை ஒரு இடத்தில் அறுத்தால் போதும், ஆயிரத்து இருநூறும் போச்சு.

நான் தூக்கத்தை விட்டேன். டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு ஒரு தடவை கரைக்குப் போவேன். ஒரு குச்சியை நட்டு, தண்ணி எத்தனை விரல்கடை ஏறியிருக்குன்னு பாப்பேன். பாத்து நான் என்ன செய்யப் போறேன்? ஒண்ணும் இல்லை. ஆனா நான் முழிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தால்தான் கரை நிக்கும்ங்கிற மாதிரி ஒரு நினைப்பு. கவலைப்படுறதையும் களை எடுக்கிற மாதிரி ஒரு வேலைன்னு நம்பியிருந்தேன். செய்யாமப் படுத்தா சோம்பேறித்தனம்.

22-ம் தேதி ராத்திரிதான் முக்கொம்பு செய்தி வந்தது. ஆர்தர் காட்டன் 1836-ல் ஆரம்பிச்சுக் கட்டின மேலணை. அதில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுன்னு வாட்ஸ்அப்பில் ஒரே படம். அது முழுகுற பயமா, காவிரியில் தண்ணி இல்லாமக் காயுற பயமான்னு அன்னிக்கு யாருக்கும் புரியலை. நான் செருப்பில்லாமல் கரைக்கு ஓடினேன். பக்கத்து வயக்கார அண்ணன் ஏற்கெனவே அங்கே பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். நெத்தியில் நாமம் இல்லாமல் வெளியே வராத ஆள். அவருக்கும் வாழைதான், என்னைவிட ரெண்டு மடங்கு.

என் மூஞ்சியப் பாத்துட்டு, “ஏம்ப்பா, ரெங்கநாதரே ரெண்டு ஆத்துக்கும் நடுவுல கால நீட்டிப் படுத்துத் தூங்குறாரு. ஒனக்கு என்ன வந்துச்சு, இப்புடி முழிச்சிக்கிட்டுத் திரியிற?” என்றார்.

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. இவர் சாமியை வெச்சு நம்மைக் கிண்டல் பண்றாரேன்னு. திரும்பி நடந்து வர்றப்பதான் உறைச்சுது. எங்க ஆண்டவரும் தூங்கினவர்தான். கலிலேயாக் கடலில் படகுக்குள் தண்ணி ஏறுது, சீடர்கள் கத்துறாங்க, அவர் பின்பக்கம் தலையணையில் தலை வெச்சுத் தூங்குறார். சின்ன வயசில் இருந்து எத்தனை பூசையில் கேட்டிருப்பேன். ஆனா அப்போவும் வீட்டுக்கு வந்து நான் தூங்கலை. புரியிறது வேற, தூங்குறது வேற.

அடுத்த வாரம் அதைவிடப் பெரிய காரியம் ஒண்ணு செஞ்சேன். மூணு வட்டிக்கு அறுபதாயிரம் வாங்கினேன். அதில் கொஞ்சம் உரக்கடைப் பழைய பாக்கிக்குப் போச்சு. மீதியில் ஜேசிபி வெச்சு வயலோட வடவரப்பை இடுப்பு உயரத்துக்கு ஏத்தினேன். வீட்டுக்காரம்மாகிட்ட “ஜேசிபிக்காரன் தெரிஞ்ச பையன், டீசல் காசு மட்டும் குடுத்தேன்” என்று சொன்னேன். வட்டிக்கு வாங்கினதைச் சொல்லலை. எதுக்கு அவங்களையும் கவலைப்பட வெக்கணும், ஒரு ஆள் பட்டாப் போதாதான்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன்.

வரப்புக்குக் காசு கொட்டினதில், தார் விடுற நேரத்தில் முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கழி வாங்கப் பணம் இல்லை. நகரத்தில் இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லணும். வாழைக்கு உள்ளே கட்டை கிடையாது. பட்டை மேல பட்டையாச் சுத்தின, நீர் கோத்த தண்டு அவ்வளவுதான். தார் விட்டதும் தலை கனத்துடும். ஒரு பக்கமாச் சாயும். அதுக்குத்தான் ஒவ்வொரு மரத்துக்கும் கழி நட்டுக் கட்டுறது. பொங்கலை ஒட்டி வெட்டிடப் போறோம், ரெண்டு மாசம்தானே, இந்த வருஷம் ஓரத்து மரங்களுக்கு மட்டும் போதும்னு விட்டுட்டேன்.

நவம்பரில் கஜா புயல். நாகப்பட்டினம், வேதாரண்யம்னு டிவியில் படம் போட்டுக்கிட்டே இருந்தாங்க. அது கடற்கரைக்காரங்க பாடு, நமக்கு ரெண்டு தூறல் விழும்னு நினைச்சேன். ஆத்தில் தண்ணி குறைஞ்சிருந்துச்சு. 15-ம் தேதி ராத்திரி, நம்புங்க, நாலு மாசத்தில் முதல் தடவையா நல்லாத் தூங்கினேன்.

புயல் 16-ம் தேதி விடியிறதுக்கு முன்னாடி வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியா திண்டுக்கல் வரைக்கும் உள்ளே போச்சு. எங்களுக்கு அதோட ஓரம்தான். அந்த ஓரமே போதுமா இருந்துச்சு. காலையில் போய்ப் பார்த்தா ஐநூறு மரத்துக்கு மேல் தாரோடு படுத்துக் கிடக்கு. முக்காவாசி கூட விளையாத காய். மண்டிக்குக் கொண்டுபோனா வண்டி வாடகை கட்டாது. நான் கடன் வாங்கி உயர்த்தின வரப்பு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்னுச்சு. அதுமேல ஒரு மடையான் கழுத்தைச் சுருக்கிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

பறவையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிடுறேன். மத்தேயு 6-ம் அதிகாரத்தில் பறவைகளைப் பார்த்துக் கத்துக்கச் சொல்ற பகுதி, விவசாயிக்குக் கொஞ்சம் இடிக்கும். பறவைக்குக் களஞ்சியம் எதுக்கு? எங்க வயலே அதுக்குக் களஞ்சியம்தானே. மயில் கூட்டமா வந்து நாத்தங்காலைக் கிளறிட்டுப் போறப்ப அந்த வசனம் வாயில் வராது, வேற வார்த்தைதான் வரும். ஆனா மடையானை நான் ரொம்ப நாளாக் கவனிச்சிருக்கேன். காலையில் வந்து வரப்பில் நிக்கும். அசையாது. தவளையோ மீனோ வர்ற வரைக்கும் நிக்கும். கிடைக்கலைன்னா நாலு அடி நகர்ந்து மறுபடி நிக்கும். இருட்டினா மரத்துக்குப் போயிடும். நேத்துக் கிடைக்காத மீனுக்காக ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு வர்ற மடையானை நான் பாத்ததில்லை.

எங்களுக்கு நடந்தது பெரிசே இல்லை. அந்த வாரக் கடைசியில் பங்கில் இருந்து அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி எல்லாம் ஏத்தி ஒரு லாரி பட்டுக்கோட்டைப் பக்கம் போச்சு. நானும் ஏறிக்கிட்டேன். வீட்டில் இருந்து விழுந்த மரத்தைப் பாக்குறதுக்கு இது மேல்னு தோணுச்சு. அங்கே பாத்ததை எழுதுறது கஷ்டம். வாழை விழுந்தா அடியில் கன்னு இருக்கு, பத்து மாசத்தில் அடுத்த தார். தென்னை அப்படியா? அப்பன் வெச்சு மகன் சாப்பிடுற மரம். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரே திசையில் தலையைச் சாய்ச்சுக் கிடந்துச்சு.

ஒரு தோப்பில் எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர். நாங்க தார்ப்பாய் குடுக்கப் போனோம். அவர் முதல் வேலையா அருவாளை எடுத்து, கீழே கிடந்த மரத்தில் இருந்து இளநி வெட்டி எங்களுக்குக் குடுத்தார். வேண்டாங்கய்யான்னா கேக்கலை. “விழுந்ததுதானே, குடிங்க. இனிமே மரமேற ஆளு தேட வேண்டியதில்ல” என்றார். சிரிச்சாரா அழுதாரான்னு எனக்கு இன்னைக்கும் தெரியலை.

“இனிமே என்னய்யா பண்ணுவீங்க?” என்று நான்தான் புத்தியில்லாமல் கேட்டேன்.

“நாளைக்கு மரம் அறுக்க ஆறு பேரு வர்றாங்க. கரண்டு இல்ல, கடையும் இல்ல. அவங்களுக்குக் கஞ்சிக்கு வழி பண்ணணும்.” அதுக்கு மேல் அவர் ஒண்ணும் சொல்லலை. எந்தச் சாமியைக் கும்பிடுறவர்னு நான் கேட்டுக்கலை. லாரியில் திரும்பி வர்றப்ப எனக்கு வெக்கமா இருந்துச்சு. நூறு வருஷத்துக்குச் சேர்த்துக் கவலைப்படுற நான், நாளைக்குக் கஞ்சியைப் பத்தி ஒழுங்கா யோசிச்சதில்லை.

வெக்கப்பட்டேனே தவிர, வீட்டுக்கு வந்தும் உண்மையைச் சொல்லலை. டிசம்பர் முதல் வாரம் வட்டிக்காரரே நேரா வீட்டுக்கு வந்துட்டார். நான் வயலில். வாசலில் வீட்டுக்காரம்மா. மூணு மாச வட்டி நிலுவைன்னு சொல்லியிருக்கார்.

நான் வந்தப்ப சாப்பாடு எடுத்து வெச்சிருந்தாங்க. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசலை. கை கழுவினதும் கேட்டாங்க. “ஏங்க, சாமிய நம்புறேன் நம்புறேன்னு வாராவாரம் முட்டி போட்டுச் சொல்றீங்க. முப்பது வருஷமா கூட இருக்கேன், என்னைய நம்பலையே? எங்கிட்ட சொல்லியிருந்தா குழுவுல ஒரு வட்டிக்குப் பதினஞ்சாயிரம் கேட்டிருப்பேன். மரம் அத்தனைக்கும் கழி நட்டிருக்கலாம்.”

பதில் சொல்ல என்ன இருக்கு. அவங்க மகளிர் குழுவில் பத்து வருஷமாக் கணக்கு எழுதுறவங்க. கேட்டா குடுத்திருப்பாங்க. கழி நட்டிருந்தா ஐநூறில் நானூறு நின்னிருக்கும். நான் ஒத்தையா முழிச்சிருந்து காப்பாத்தினது ஒரு வரப்பை.

ரெண்டு நாள் பேச்சு இல்லை. மூணாம் நாள் ராத்திரி ஜெபம் முடிஞ்சதும் பொண்ணோட பழைய கணக்கு நோட்டு ஒண்ணை எடுத்து என் முன்னால் போட்டாங்க. “எழுதுங்க. எல்லாத்தையும்.” எழுதினேன். உரக்கடை, மூணு வட்டி, சொசைட்டி, மச்சானுக்குக் குடுக்க வேண்டியது, பொண்ணோட காலேஜ் ரெண்டாம் தவணை. மொத்தம் ஏழு வரி. நாலு மாசமா மண்டைக்குள் எழுபது மாதிரி சுத்திக்கிட்டிருந்தது. எழுதிப் பாத்தா ஏழுதான். அதில் மூணு அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு. குழுவில் கடன் வாங்கி மூணு வட்டியை அடைக்கிறது, பொண்ணு காலேஜில் தவணைக்கு அவகாசம் கேக்குறது, மச்சான்கிட்ட அவங்களே பேசுறதுன்னு எதிரில் எழுதினாங்க. மழை, காத்து, மண்டி விலை, இதுக்கெல்லாம் எதிரில் ஒண்ணும் எழுதலை. “அது அவரு கணக்கு” என்று சுவத்தில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைக் காட்டிட்டு நோட்டை மூடிட்டாங்க.

கடனில் ஒத்த ரூபாய் குறையலை. விழுந்த மரம் எதுவும் எந்திரிக்கலை. அன்னிக்குத் தூங்கினேன். எங்கம்மா மாதிரி நாலாவது பத்துமணி வரைக்கும்கூட வரலை.

கிறிஸ்மஸுக்கு மாமனார் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் லுத்தரன் சபையில் உபதேசியாரா இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரம்மா கல்யாணத்துக்கு அப்புறம் எங்க கோயிலுக்கு வந்துட்டாலும், மாமனார் வந்தா வீட்டில் ஸ்வார்ட்ஸ் ஐயர் கதை ஓடும். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கம் 1766-ல் கட்டின கிறிஸ்து நாதர் கோயில் இருக்கே, அதைக் கட்டினவர். ஜெர்மன்காரர், தமிழ் நல்லாப் பேசுவார். ஹைதர் அலியிடம் தூது போன பாதிரியார் அவர்தான். ஹைதரோட ஸ்ரீரங்கப்பட்டணமும் காவிரி நடுவில் ரெங்கநாதர் படுத்திருக்கிற திட்டுதான். இந்த மனுஷர் ஆயுசு முழுக்க ரெங்கநாதர் வாசல் வழியாவே போய் வந்திருக்கார்.

1780-க்குப் பிறகு ஹைதர் படையெடுத்து வந்தப்ப தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி. வெளியே குடியானவங்ககிட்ட நெல் இருக்கு, கொண்டுவர மாட்டேங்கிறாங்க. ஏற்கெனவே கொண்டுவந்தப்ப காசு சரியாக் கிடைக்கலை. ராஜா சொன்னாலும் நம்பலை. கடைசியில் ராஜா, ஸ்வார்ட்ஸைப் பேசச் சொன்னார். காசுக்கு நான் பொறுப்புன்னு அவர் வாக்குக் குடுத்தார். ஆயிரத்துக்கு மேல் மாடுகளும் 80,000 கலம் நெல்லும் கோட்டைக்கு வந்துச்சு. சொன்னபடி காசையும் வாங்கிக் குடுத்தார். இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அந்த வருஷம்தான் மாமனார் இன்னொண்ணு சொன்னார். பஞ்சம் வர்றதுக்கு முன்னாடியே, விலை மலிவா இருந்தப்ப ஸ்வார்ட்ஸ் அரிசி வாங்கிச் சேர்த்து வெச்சிருந்தாராம். பஞ்சத்தில் அதுதான் ஏழைகளுக்குக் கஞ்சியாச்சு.

“மாப்ள, பறவையப் பத்தின அந்த வசனத்த அவரும் படிச்சவருதானே. படிச்சிட்டுத்தான் அரிசியும் வாங்கி வெச்சாரு” என்று சொல்லிட்டு மாமனார் முறுக்கைக் கடிச்சார். அவர் எங்க நோட்டு விஷயம் தெரிஞ்சு சொன்னாரா, சும்மா சொன்னாரா, தெரியாது. மக சொல்லியிருப்பாங்க.

அந்தக் கடன் முழுசா அடைய 2021 ஆச்சு. நடுவில் கொரோனா வேற. அந்த நோட்டு தீர்ந்து, இப்போ மூணாவது நோட்டு. எனக்கு இப்பவும் ராத்திரி முழிப்பு வரும். இல்லைன்னா பொய். ஆடி மாசம் ஆத்தில் தண்ணி ஏறினால் இப்பவும் கரைக்கு ஒரு நடை போவேன். பக்கத்து வயக்கார அண்ணன் இப்போ பீடியை விட்டுட்டார், வாயை விடலை. “வந்துட்டியா, காவலு காக்க?” என்பார். கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு, ரெண்டு பேரும் திரும்பிப் போய்ப் படுத்துடுவோம்.

தங்கச்சி மகன்கிட்ட இதில் பாதியைச் சொல்லிக்கிட்டிருந்தப்ப வீட்டுக்காரம்மா போனை வாங்கிட்டாங்க. “டேய், வேலை போற மாதிரி இருக்குன்னு ஒம்பொண்டாட்டிக்குத் தெரியுமா?” என்று கேட்டாங்க.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“சரி, வெய்யி. அவ ஆபீஸ்ல இருந்து வந்ததும் பேசு. எங்ககிட்ட நாளைக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தாங்க.

இன்னிக்குக் காலையில் சவுக்குக் கழி ஒரு டிராக்டர் வந்து இறங்கியிருக்கு. இந்த வருஷம் எண்ணூறு மரம், எண்ணூத்துக்கும் கழி. வெயில் ஏறுறதுக்குள்ள நூறாவது நட்டுடணும்.